வெளியில போட்ட சஸ்பென்ஷன்ல கோளாறா? ரிப்பேரா, மாத்தறதானு அறிகுறி பார்த்து முடிவு பண்ற வழி

கம்பெனி ஷாக்கை கழட்டிட்டு லோயரிங் ஸ்பிரிங், காயில்ஓவர் (உயரம் மாத்தற ஸ்பிரிங்-ஷாக் செட்), கேஸ் ஷாக், லிஃப்ட் கிட்னு எதையாவது போட்ட வண்டிங்க ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப வரும்போது ஓனர் சொல்றது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான், "ஷாக் போயிடுச்சு". கழட்டி பார்த்தா பாதிக்கு மேல ஷாக் நல்லாத்தான் இருக்கும், போனது அதை சுத்தி இருக்கற ரப்பர், லிங்க், பேரிங், இல்ல யாரோ சரியா டைட் பண்ணாத ஒரு நட்டு. சில நூறு ரூபாய்ல முடியற வேலைக்கு அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாய் கிட்டை தூக்கி போடறதை பார்க்கும்போது மனசு கேக்காது, அதனாலதான் இதை எழுதறேன். தலைகீழாவும் நடக்குது, செத்துப்போன ஷாக்கை வெல்டு வச்சு, ஆயில் ஊத்தி, வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருப்பாங்க, அது அதை விட மோசம்.

உங்க வண்டி என்ன அறிகுறி காட்டுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசில்லாத காரணம் முதல்ல, காசு அதிகமான காரணம் கடைசியில. அந்த வரிசையை தாண்டி குதிக்காதீங்க.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. ஜாக்கி மேல நிக்கற வண்டிக்கு கீழ தலையை விடாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க, எதிர்ப்பக்க டயருக்கு கல்லு வைங்க. ஸ்ட்ரட்டோட (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா கோத்த செட்) மேல நட்டை, அதாவது நடுவுல இருக்கற அந்த பெரிய நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாம எந்த காரணத்துக்கும் கழட்டாதீங்க. அழுத்தி வச்ச ஸ்பிரிங் தெறிச்சா கையோ முகமோ போயிடும்.

அறிகுறி: ஷாக் மேல ஆயில் தெரியுது

ஆயில் தெரிஞ்சாலே ஷாக் லீக்னு முடிவு பண்ணிடாதீங்க. முதல்ல அது எங்க இருந்து வந்ததுனு பாருங்க.

கருப்பா, கெட்டியா, சுத்தி தெறிச்ச மாதிரி இருந்தா அது டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழிஞ்சு வந்த கிரீஸ். பூட் மாத்தினா முடிஞ்சது, ஷாக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தண்ணி மாதிரி மெலிசா, பிரேக் ஹோஸ் பக்கத்துல இல்ல வீலுக்கு உள்பக்கம் ஈரமா இருந்தா அது பிரேக் ஆயிலா இருக்கலாம், அப்படி இருந்தா வண்டியை நகர்த்தாதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு கூப்பிடுங்க.

ரெண்டும் இல்ல, ஷாக்கோட சீல்ல இருந்துதான் வந்திருக்குனா அதுலயும் ரெண்டு வகை இருக்கு. மேல்பகுதியில மட்டும் லேசா வேர்த்த மாதிரி, புழுதி ஒட்டி ஒரு படலம் மாதிரி இருந்தா பயப்பட வேண்டாம், ராடு மேல ஏறி இறங்கும்போது கொஞ்சூண்டு ஆயில் சீலை நனைச்சுக்கிட்டுத்தான் வரும், அது இருந்தாத்தான் சீலும் நல்லா இருக்கும். பாடியில பாதிக்கு கீழ வரைக்கும் வழிஞ்சு இறங்கியிருந்தா, அடியில சொட்டு நிக்குதுனா, அதுதான் நிஜ லீக்.

சந்தேகமா இருந்தா பிரேக் கிளீனர் அடிச்சு துணியால நல்லா துடைச்சுடுங்க, ஒரு நூறு கிலோமீட்டர் எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டிட்டு திரும்ப பாருங்க. மழைக்காலத்துல இதை செய்யாதீங்க, தண்ணியும் சேறும் சேர்ந்து எதுவும் புரியாது.

நிஜ லீக்னு தெரிஞ்சா அடுத்து பார்க்க வேண்டியது ராடு. டஸ்ட் பூட்டை மேல தூக்குங்க, பளபளனு இருக்கற அந்த குரோம் ராடை டார்ச் அடிச்சு சுத்தி பாருங்க, அப்புறம் விரல் நகத்தை மேலிருந்து கீழ மெதுவா ஓட்டுங்க. நகம் எங்கேயும் மாட்டலனா சீல் மட்டும்தான் போயிருக்கு, பிரிக்க முடியற ஷாக்கா இருந்தா சீல், ஆயில் மாத்தி ரீபில்ட் பண்ணலாம். நகம் மாட்டுதுனா, புள்ளி புள்ளியா துரு குழி விழுந்திருக்குனா, அந்த ராடோட எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் கொஞ்ச நாள்லயே அதையும் கிழிச்சுடும். ராடு தனியா கிடைக்கற கிட்டா இருந்தா மட்டும்தான் அதை காப்பாத்த முடியும்.

பாடியில நசுங்கல் இருக்கானும் கையால தடவி பாருங்க. மோனோட்யூப் ஷாக்ல பிஸ்டன் அந்த வெளிச்சுவர் மேலயேதான் ஓடும், அதனால கல்லு அடிச்ச சின்ன நசுங்கல் கூட அதை கொன்னுடும். ட்வின்ட்யூப்ல உள்ள இன்னொரு குழாய் இருக்கறதால லேசான நசுங்கலை தாங்கும்.

அறிகுறி: சின்ன பள்ளத்துல, கல்லு ரோட்டுல டக் டக்னு சத்தம்

அதிகமா வர்ற புகார் இதுதான், காசும் இதுலதான் அதிகமா வீணாகுது.

முதல்ல டிக்கியை காலி பண்ணுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சுட்டு அதே ரோட்டுல ஒரு ரவுண்டு போங்க. ஸ்டெப்னி டைட் இல்லாம "பின்னாடி ஷாக் அடிக்குது"னு வந்த வண்டிங்க நிறைய.

அடுத்து பிரேக் சோதனை. சத்தம் வர்ற ரோட்டுல மெதுவா போகும்போது இடது காலால பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே போங்க, பின்னாடி வண்டி இல்லாத நேரமா பாருங்க. சத்தம் நின்னுடுச்சுனா அது பேட் ஆடற சத்தம், காலிப்பர் பின் தேய்ஞ்சிருக்கும், சஸ்பென்ஷனை தொடவே வேண்டாம்.

அதுலயும் நிக்கலனா லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் லிங்க், வளைவுல வண்டி சாயாம பிடிக்கற ஸ்டெபிலைசர் பாரோட முனையில மாட்டற சின்ன கம்பி. முன்பக்கம் டக் டக்னு வர்ற சத்தத்துக்கு இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். வண்டி தரையில நிக்கும்போதே லிங்க்கை கையால பிடிச்சுக்கங்க, இன்னொருத்தரை வண்டியை பக்கவாட்டுல ஆட்ட சொல்லுங்க, பால் ஜாயின்ட் லூஸா இருந்தா விரல்லயே தெரியும். அப்படியும் தெரியலனா ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டி ஒயர் டேக் போட்டு கட்டிட்டு மெதுவா ஒரு தெரு சுத்துங்க, ரெண்டு பக்கமும் கழட்டணும், ஒண்ணு மட்டும் கழட்டினா ஒண்ணும் புரியாது, வேகமாவும் போகாதீங்க, வண்டி சாயும். சத்தம் போயிடுச்சுனா ஒரு ஜோடி லிங்க் வாங்கி போட்டா முடிஞ்சது. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வண்டியை இறக்கியிருந்தா கம்பெனி லிங்க்கோட நீளம் செட் ஆகாது, ஸ்டெபிலைசர் பார் மேல தூக்கிக்கிட்டு போய் டிரைவ் ஷாஃப்ட்லயோ ஸ்ட்ரட்லயோ இடிக்கும், புது லிங்க் போட்டும் அதே சத்தம் வர்றதுக்கு காரணம் அதுதான். நீளத்தை கூட்டி குறைக்கற லிங்க் போடணும்.

லிங்க்கும் நல்லா இருக்குனா வீலை ஜாக்கியில தூக்கி, ஸ்பிரிங்கை ரெண்டு கையால பிடிச்சு ஆட்டி பாருங்க. ஸ்பிரிங் லொட லொடனு ஆடுதுனா உங்க ஷாக்குக்கு அந்த ஸ்பிரிங் நீளம் பத்தல. சக்கரம் பள்ளத்துல முழுசா இறங்கும்போது ஸ்பிரிங் தன்னோட இருக்கையை (அது உட்கார்ற தட்டு) விட்டு கிளம்பி, திரும்ப உட்காரும்போது டக்குனு அடிக்கும். கம்பெனி ஷாக்ல சின்ன லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டியில இது சகஜம். காயில்ஓவரா இருந்தா ஹெல்பர் ஸ்பிரிங் போட்டா சரியாகும், இல்லனா அந்த ஸ்பிரிங்குக்கு தகுந்த ஷார்ட் ஷாக் வேணும். இதை அப்படியே விடாதீங்க, ஸ்பிரிங் ஒரு நாள் திரும்பி உட்கார்ந்து டயரை கிழிச்சுடும்.

காயில்ஓவர்ல கீழ் காலர் (உயரம் வைக்கற மரை வளையம்), லாக் காலர், ரெண்டுமே டைட்டானு சி ஸ்பேனர் வச்சு பாருங்க. ரோட்டுல கொஞ்ச நாள் ஓடினா லூஸ் ஆகறது இயல்பு.

கடைசியா டாப் மவுன்ட், அதாவது ஸ்ட்ரட்டோட மேல்முனையை பாடியில பிடிக்கற பாகம். பானெட்டை தூக்கி, மேல் நட்டு மேல உள்ளங்கையை வச்சுக்கங்க, ஒருத்தர் வண்டியை அந்த மூலையில அழுத்தி விடட்டும். கையில டக்குனு இடிச்சா மவுன்ட் ரப்பர் போயிருக்கு, இல்ல நட்டு லூஸ். ரப்பருக்கு பதிலா இரும்பு பந்து ஜாயின்ட் வச்ச பில்லோ பால் மவுன்ட் உள்ள கிட்னா நம்ம புழுதியில அது சீக்கிரம் தேயும், பந்தயத்துக்காக வடிவமைச்சது அது, தினமும் ஆபீஸ் போற வண்டிக்கு ரப்பர் மவுன்டுதான் என் சாய்ஸ். மவுன்ட் தனியா வாங்கி மாத்தலாம், ஷாக் மாத்த வேண்டாம்.

இத்தனையும் நல்லா இருந்து, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் பார்த்த அப்புறமும் சத்தம் இருந்தா மட்டும்தான் ஷாக்குக்கு உள்ள சந்தேகப்படணும்.

அறிகுறி: ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டொய்ங்னு ஒரு சத்தம்

வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஒருத்தரை லாக் டு லாக் திருப்ப சொல்லிட்டு நீங்க ஸ்பிரிங் மேல லேசா விரல் வைங்க, காயிலுக்கு நடுவுல விரலை விடாதீங்க. ஸ்பிரிங் சீரா சுத்தாம முறுக்கிக்கிட்டு திடீர்னு ஒரு துள்ளு துள்ளுதுனா டாப் மவுன்ட் பேரிங் இறுகிடுச்சு. வால்பாறை ரோடு மாதிரி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிட்டு வந்த உடனே இந்த சத்தம் நல்லாவே வெளிய வரும். கிட் மாட்டும்போது பழைய பேரிங்கையே திரும்ப போட்டுடறாங்க, ஓனருக்கு சொல்றதும் இல்ல. பேரிங் ஒண்ணும் விலை அதிகம் கிடையாது, ஆனா ஸ்ட்ரட்டை பிரிக்கணும், அதனால இது ஒர்க்‌ஷாப் வேலை.

பேரிங் நல்லா இருந்தா ஸ்பிரிங்கோட வால் முனை கீழ் இருக்கையில உள்ள படியில உட்கார்ந்திருக்கானு பாருங்க. ஒரு விரல் அளவு தள்ளி உட்கார்ந்திருந்தாலும் சத்தம் வரும்.

ஒடிக்கும்போது கட கட கடனு, வண்டி நகரும்போது மட்டும் வருதுனா அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், இந்த தலைப்புல வராது.

அறிகுறி: சவாரி கட்டையா இருக்கு, இல்ல பள்ளத்துல டம்முனு அடி வாங்குது

முதல்ல காத்து. குளிர்ந்த டயர்ல, டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு வைங்க. பங்க்ல கேக்காமலே 38, 40னு ஏத்திடறாங்க, சைடுவால் குறைவான டயர்ல அது முதுகை உடைச்சுடும்.

அடுத்து ஸ்பிரிங் பஃபர். ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டக்கூடாதுனு காயிலுக்கு நடுவுல ஒரு ரப்பர் வளையம் சொருகி விடறாங்களே, அதேதான். வண்டி கொஞ்சம் ஏறும், உண்மைதான், ஆனா அந்த காயில் வேலை செய்யறதையே நிறுத்திடும், பாரம் முழுக்க மிச்ச காயிலுக்கு போகும், டாப் மவுன்டுக்கும் அடி கூடும். நல்ல கேஸ் ஷாக் போட்டுட்டு கூடவே பஃபரும் சொருகி வச்சிருந்தா ஷாக்கை குறை சொல்ல முடியாது. கழட்டி எறிஞ்சுட்டு ஒரு நாள் ஓட்டி பாருங்க, பாதி பேருக்கு பிரச்சனை அங்கேயே முடிஞ்சுடும்.

கிளிக்கர், அதாவது ஷாக்கோட கெட்டித்தன்மையை மாத்தற திருகு, உள்ள கிட்னா ஒரே ஆக்ஸில்ல இடதும் வலதும் ஒரே செட்டிங்ல இருக்கானு பாருங்க. முழுசா ஹார்ட் பக்கம் திருப்பி, அங்க இருந்து எத்தனை கிளிக் வெளிய வருதுனு எண்ணி, இடதும் வலதும் ஒண்ணா வைங்க. முடிவுல வந்து நிக்கும்போது பலம் போட்டு திருப்பாதீங்க, உள்ள இருக்கற ஊசி நசுங்கிடும்.

அடி வாங்கற சத்தம் வந்தா டஸ்ட் பூட்டுக்குள்ள பம்ப் ஸ்டாப் இருக்கானு பாருங்க, மஞ்சளாவோ கருப்பாவோ இருக்கற அந்த ஃபோம். ரெண்டு மூணு வருஷத்துல அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்துடும். அது இல்லாம ஓட்டினா ஒவ்வொரு பள்ளத்துலயும் இரும்பும் இரும்பும் மோதி உள்ள வால்வு உடையும். விலை குறைவு, ஆனா இதை கவனிக்காம விட்டுத்தான் நிறைய ஷாக் செத்திருக்கு.

அப்புறம் உயரம். காலரை இறக்கி உயரம் குறைக்கற கிட்ல, இறக்க இறக்க ஷாக் உள்ள போறதுக்கான இடமும் குறையும். 10 மி.மீ. ஏத்தி பாருங்க, ஆச்சரியமா இருக்கும். அடி பிராக்கெட்டையே திருகி உயரம் மாத்தற கிட்ல இந்த தொந்தரவு கிடையாது, ஸ்பிரிங் இருந்த இடத்துலயே இருக்கும்.

ஸ்பிரிங்கை கேஸ் வச்சு வெட்டியிருந்தா, இதுக்கு மேல எதையும் சோதிக்க வேண்டாம். அந்த சூடு ஸ்பிரிங்கோட பதத்தை கெடுத்திருக்கும், முனை இருக்கையில சரியா உட்காராது. ரிப்பேர்ங்கற பேச்சே இல்ல, ஸ்பிரிங் மாத்துங்க. இப்படி வெட்டின வண்டி எஃப்சிக்கு போகும்போதும் மாட்டும், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்லயும் பிரச்சனை பண்ணும், மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி அமைப்பை மாத்தறதை பத்தித்தான் பேசுது.

அறிகுறி: வேகத்துல மிதக்குது, பாலத்து ஜாயின்ட் தாண்டினா ரெண்டு மூணு தடவை ஆடுது

இது நிஜமாவே ஷாக் பக்கம் கை காட்டற அறிகுறி.

பானெட்டை அழுத்தி விட்டு எத்தனை தடவை ஆடுதுனு பார்க்கறதை எல்லாரும் செய்வாங்க. ஆடினா ஷாக் போச்சு, அது சரி, ஆனா ஆடலனா நல்லா இருக்குனு அர்த்தம் இல்ல, கெட்டியான ஸ்பிரிங் போட்ட வண்டியில கையால அழுத்தறதுல ஒண்ணுமே தெரியாது.

அதை விட நல்ல சோதனை சூடு. மோசமான ரோட்டுல ஒரு கால் மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தின உடனே நாலு ஷாக்கோட பாடியையும் தொட்டு பாருங்க, சைலன்சர், பிரேக் டிஸ்க் பக்கம் கை போகாம. வேலை செய்யற ஷாக் வெதுவெதுப்பா இருக்கும். ஒரே ஆக்ஸில்ல ஒண்ணு சூடா, இன்னொண்ணு சில்லுனு இருந்தா அந்த சில்லுனு இருக்கறது வேலை செய்யல. தெர்மாமீட்டர் துப்பாக்கி வச்சிருந்தா இன்னும் நல்லது.

உறுதிப்படுத்தணும்னா கழட்டணும். பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியா உள்ள ஸ்விஃப்ட், போலோ மாதிரி வண்டில இதை வீட்லயே செய்யலாம், ஆக்ஸிலுக்கு கீழ ஜாக்கி முட்டு கொடுத்துட்டு மேலயும் கீழயும் உள்ள போல்ட்களை கழட்டினா ஷாக் வெளிய வந்துடும். நிமிர்த்தி வச்சு முழுசா அழுத்துங்க, முழுசா இழுங்க, நாலஞ்சு தடவை. போற வழி முழுக்க ஒரே எதிர்ப்பு இருக்கணும். திரும்பற இடத்துல ஒரு இன்ச் காலியா, பிடிமானமே இல்லாம போகுதுனா, உள்ள களக் களக்னு சத்தம் வருதுனா, ஆயில் குறைஞ்சிருக்கு இல்ல வால்வு போயிருக்கு. கேஸ் ஷாக்கை அழுத்தி விட்டா தானா எழுந்து வரணும், வரலனா கேஸ் போயிடுச்சு. வெறும் ஆயில் ஷாக் தானா வராது, அதை கேஸ் ஷாக்னு நினைச்சு தூக்கி போட்டுடாதீங்க.

ராடை கையால சுத்தி விட்டும் பாருங்க. சுத்தும்போது நுனி வட்டம் போடுதுனா ராடு வளைஞ்சிருக்கு. வளைஞ்ச ராடை நிமிர்த்தி தர்றேன்னு லேத்ல சொல்வாங்க, ஒத்துக்காதீங்க.

அறிகுறி: ஒரு பக்கம் இறங்கி நிக்குது

சமதரையில நிறுத்தி, சாமானை இறக்கிட்டு, வீலோட நடு மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளங்க. தரையில இருந்து அளந்தா டயர் காத்து அளவை கெடுக்கும். ஒரே ஆக்ஸில்ல சில மி.மீ. வித்தியாசம் சாதாரணம். ஒண்ணரை சென்டிமீட்டர் அளவுக்கு போனா தேட ஆரம்பிங்க.

காயில்ஓவர்னா காலருக்கு கீழ தெரியற மரையை ரெண்டு பக்கமும் அளங்க, மாட்டும்போதே தப்பா வச்சிருப்பாங்க. அது சரினா ஸ்பிரிங்கை கீழ்முனை வரைக்கும் டார்ச் அடிச்சு பாருங்க. கடைசி காயில் உடைஞ்சு இருக்கைக்குள்ளயே படுத்திருக்கும், பார்த்தா தெரியாது, விரல் விட்டாத்தான் கூர்முனை கையில படும். உடைஞ்ச ஸ்பிரிங்கோட ஓட்டாதீங்க, ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க, ஷாக் நல்லா இருந்தா அதையே திரும்ப போட்டுக்கலாம்.

ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை (ஏர் பேக்) போட்ட வண்டி ராத்திரி முழுக்க நின்னு காலையில இறங்கியிருந்தா, பைப் ஜாயின்ட்லயும் பேக் மடிப்புலயும் சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழி வர்ற இடம்தான் லீக். ஜாயின்ட்னா சின்ன வேலை. மடிப்புல வெடிப்பு இருந்தா பேக் மாத்தணும், பஞ்சர் ஒட்டற மாதிரி ஒட்ட விடாதீங்க. லீக்கை விட்டு வச்சா கம்ப்ரஸர் ஓயாம ஓடி அதுவும் எரிஞ்சு போகும்.

அறிகுறி: டயர் ஒரு மாதிரியா தேயுது

உள் விளிம்பு மட்டும் மொழுக்குனு ஆயிடுச்சுனா அலைன்மென்ட். வண்டியை இறக்கினா கேம்பரும் (முன்னாடி இருந்து பார்த்தா சக்கரம் சாயற கோணம்) மாறும் டோவும் (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கற அளவு) மாறும், டயரை அதிகமா தின்னறது டோதான். உள்ளங்கையை ட்ரெட் மேல இந்தப்பக்கம் ஒரு தடவை, அந்தப்பக்கம் ஒரு தடவை தேய்ங்க, ஒரு திசையில வழவழனு இன்னொரு திசையில சுணையா இருந்தா டோ தப்பு. முன்பக்க கேம்பரை கேம்பர் போல்ட் போட்டு சரி பண்ணலாம், டாப் மவுன்ட்லயே கேம்பர் பிளேட் உள்ள கிட்டும் இருக்கு. பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற ஒரே பீம்) உள்ள வண்டியில அட்ஜஸ்ட்மென்டே கிடையாது, ஷிம், அதாவது மெல்லிய தகடு வச்சுத்தான் செய்யணும்.

மேடு பள்ளமா, திட்டு திட்டா தேய்ஞ்சிருந்தா முதல்ல பேலன்சிங் பாருங்க, அது சரினா ஷாக் பலவீனம், மேல சொன்ன சூடு சோதனைக்கு போங்க.

அறிகுறி: காலர் திரும்ப மாட்டேங்குது, கிளிக்கர் சும்மா சுத்துது

சென்னையில ஈசிஆர் பக்கம், தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு கடல் காத்து அடிக்கற ஊர் வண்டிங்களுக்கு இது கண்டிப்பா வரும். அலுமினிய காலரும் இரும்பு பாடியும் உப்புல ஒட்டிக்கும். ஒயர் பிரஷ் போட்டு மரையில இருக்கற மண்ணு உப்பு எல்லாத்தையும் எடுங்க, துரு எடுக்கற ஸ்பிரே அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, மறுநாள் காலர் விளிம்புல நைலான் சுத்தியலால சுத்தி தட்டிட்டு சி ஸ்பேனர் போடுங்க. நெருப்பு மட்டும் காட்டாதீங்க. உள்ள அழுத்தத்துல நைட்ரஜன் இருக்கு, சூடு பண்ணினா வெடிக்கும். எதுக்கும் மசியலனா காலரை ஜாக்கிரதையா வெட்டி எடுத்துட்டு புது காலர் போடலாம், ஆனா வெட்டற பிளேடு பாடியில படக்கூடாது, இதை அனுபவம் உள்ளவங்க கிட்ட கொடுத்துடுங்க.

கிளிக் வராம சும்மா சுத்தினா உள்ள இருக்கற அட்ஜஸ்டர் போச்சு, அது ரீபில்ட் கேஸ். நிறைய தடவை காரணம் என்னன்னா, மேல் நட்டை இம்பேக்ட் கன் வச்சு அடிச்சிருப்பாங்க. அலன் கீயால ராடை பிடிச்சுக்கிட்டு ஸ்பேனர்ல டைட் பண்ண வேண்டிய நட்டு அது.

அறிகுறி: லிஃப்ட் கிட் போட்டதுல இருந்து ஸ்டீயரிங் உதறுது, நேரா நிக்கல

ஜிம்னி மாதிரி முன்னாடியும் சாலிட் ஆக்ஸில் உள்ள வண்டில இது அதிகம். வீல் பேலன்சிங், டயர் காத்து முதல்ல. அப்புறம் ஆக்ஸிலை பக்கவாட்டுல நகராம பிடிக்கற பேன்ஹார்டு ராடோட புஷ்ஷும் போல்டும், ஒருத்தர் ஸ்டீயரிங்கை இப்படி அப்படி ஆட்டும்போது கீழ பார்த்தா லூஸ் கண்ணுல தெரியும். அடுத்து காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பற அச்சு பின்பக்கமா சாயற கோணம். 50 மி.மீ. தூக்கினாலே காஸ்டர் குறையும், ஸ்டீயரிங் தானா நேரா வராது, அதுக்கு காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் போடணும், நிறைய கிட்ல இது வராது, தனியா வாங்கணும். ஆக்ஸிலும் ஒரு பக்கமா தள்ளி நிக்கும், அட்ஜஸ்டபிள் பேன்ஹார்டு ராடு போட்டாத்தான் நடுவுக்கு வரும். கடைசியில சக்கரம் திரும்பற அச்சுல உள்ள கிங்பின் பேரிங். இதையெல்லாம் விட்டுட்டு உதறலை அடக்கற ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் பெருசா மாத்தினா உதறல் மறைஞ்சிருக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

தார், ஸ்கார்பியோனு முன்னாடி இண்டிபெண்டன்ட் உள்ள வண்டியை ரொம்ப தூக்கினா டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி பூட் கிழியும். எந்த லிஃப்டா இருந்தாலும் சக்கரம் முழுசா தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைப்பா இழுக்குதானு பாருங்க. இழுத்தா அன்னைக்கே சரி பண்ணணும்.

ஷாக்தான் போச்சுனு தெரிஞ்சாச்சு, இப்ப ரிப்பேரா மாத்தறதா?

கழட்டி திரும்ப மாட்டற வடிவமைப்பானு முதல்ல பாருங்க. பில்ஸ்டைன் மோனோட்யூப், ஓலின்ஸ் மாதிரி ஷாக்கை பிரிச்சு சீல், கைடு புஷ், ஆயில் மாத்தி நைட்ரஜன் ஏத்தி தர முடியும். பிசி ரேசிங் மாதிரி சில காயில்ஓவர்ல உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜை மட்டும் தனியா வாங்கலாம், பாடி, காலர், ஸ்பிரிங் எல்லாம் பழசே இருக்கும். கம்பெனி டைப் ட்வின்ட்யூப் ஷாக், வாய் மடிச்சு சீல் பண்ணினது, அதை பிரிக்க முடியாது. ஓட்டை போட்டு ஏதோ ஒரு ஆயிலை ஊத்தி வெல்டு வச்சு பெயின்ட் அடிச்சு "ரீகண்டிஷன்"னு தருவாங்க. எந்த ஆயில், எவ்வளவு, கேஸ் இருக்கா இல்லையானு அவங்களுக்கே தெரியாது. ஹைவேல குடும்பத்தோட போற வண்டியில அதை போடாதீங்கனு கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன்.

பிரிக்க முடியும்னா ராடு நகம் சோதனையில பாஸாகணும், பாடி நசுங்காம இருக்கணும், சீல் கிட் கையில கிடைக்கணும். "வரும் சார், ஆர்டர் போட்டிருக்கேன்"ங்கறதை நம்பி வண்டியை கழட்டி போட்டுடாதீங்க, பார்ட் நம்பரோட பாக்கெட்டை கண்ணுல பார்த்த அப்புறம் கழட்டுங்க. இந்த மூணும் சரியா இருந்து, ஒரு ஜோடி ரீபில்ட் செலவு, கூரியர், கழட்டி மாட்டற கூலி எல்லாம் சேர்த்து புது ஜோடி விலையில பாதிக்குள்ள வந்தா நான் ரீபில்ட் பக்கம். பாதியை தாண்டினா புதுசு. பேர் தெரியாத கிட், ஸ்பேர் எங்கேயும் இல்லனா ஒரு பக்கம் லீக் ஆனாலே மொத்தமா விடை கொடுத்துடுங்க, அடுத்த பக்கமும் வரிசையில நிக்கும்.

எதுவா இருந்தாலும் ஒரு ஆக்ஸில்ல ரெண்டும் சேர்த்துத்தான். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுனா பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

மூணாவது ஒரு வழி இருக்கு, யாரும் யோசிக்கறது இல்ல, திரும்ப கம்பெனி செட்டப்புக்கே போறது. வண்டியை விக்கப் போறீங்க, இல்ல வீட்ல பெரியவங்க ஏறி இறங்கறாங்க, இல்ல ரோடு மாறிடுச்சுனா கேப்ரியல், மன்ரோ, கேஒய்பினு சாதாரண ஷாக்கை போட்டு நிம்மதியா இருக்கலாம். ஆனா பாதி பாதியா போகாதீங்க, கம்பெனி ஷாக்னா ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப், லிங்க் ராடு எல்லாமே கம்பெனி அளவுக்கு வரணும். கிட் போடும்போது கழட்டின பழைய பார்ட்ஸை இரும்புக் கடையில போடாம ஒரு சாக்குல கட்டி வச்சவங்களுக்கு இங்கதான் காசு மிச்சம்.

எப்போ நீங்க நிறுத்திட்டு ஆளை கூப்பிடணும்

ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா, ஸ்ட்ரட்டை நக்கிள்ல (சக்கரத்தை தாங்கற இரும்பு பாகம்) பிடிச்சிருக்கற போல்ட் லூஸா இருந்தா, மேல் மவுன்ட் உட்கார்ற பாடி தகட்டுல வெடிப்பு தெரிஞ்சா, பிரேக் ஹோஸ் உரசியிருந்தா, ஓட்டிட்டு போகாதீங்க, ரெக்கவரி வண்டில ஏத்துங்க. ஸ்ட்ரட் பிரிக்கற வேலை, நைட்ரஜன் வேலை, பால் ஜாயின்ட் பிரஸ் பண்ற வேலை இதெல்லாம் கருவி உள்ள இடத்துலதான்.

ஒர்க்‌ஷாப்ல கூட நின்னு ரெண்டு விஷயம் கேளுங்க. ரப்பர் புஷ் உள்ள போல்டுகளை வண்டி தொங்கும்போது முழுசா டைட் பண்ணக்கூடாது, சக்கரம் தரையில நின்னு வண்டி பாரம் உட்கார்ந்த அப்புறம்தான் கடைசி டைட், இல்லனா புஷ் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். நக்கிள் போல்டை கழட்டறதுக்கு முன்னாடி பெயின்ட்ல அடையாளம் போட சொல்லுங்க, அலைன்மென்ட் சென்டர் வரைக்கும் வண்டி ஒழுங்கா போய் சேரும். மாட்டி ஒரு 500 கிலோமீட்டர் ஓடினதும் ஸ்பிரிங் கொஞ்சம் செட்டில் ஆகியிருக்கும், அப்போ காலர், மேல் நட்டு, நக்கிள் போல்ட், லிங்க் நட்டு நாலையும் டார்க் ரெஞ்ச்ல ஒரு தடவை பார்த்துட்டு, உயரத்தை திரும்ப அளந்து, அலைன்மென்டையும் இன்னொரு தடவை பார்த்துடுங்க.